நாள் முழுக்க வேலை... ஆனாலும் எதுவும் முடியலையா? உங்க நேரம் எங்கே போகுது? - முழு விளக்கம்

"காலையில இருந்து சீட்டை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. ஆனா ஒரு வேலையும் முடியல." மாலை 6 மணிக்கு ஆபீஸில் இப்படி ஒரு குரல் கேட்காத நாளே இருக்காது. அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். இரவு 8 மணி வரை உட்காருவது, மிச்ச வேலையை வீட்டுக்கு எடுத்துப் போவது, கடைசியில் 'நமக்குத்தான் வேலை ஓட மாட்டேங்குது போல' என்று நம்மையே திட்டிக்கொள்வது.

உண்மையில் பிரச்சினை என்ன? சோம்பலா? நேரம் போதவில்லையா? அலுவலக வேலையைப் பற்றி கடந்த 20 ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் வேறு ஒரு காரணத்தைக் காட்டுகின்றன. நம் கையில் 8 மணி நேரம் இருக்கிறது. ஆனால் அது நோட்டாக இல்லை, சில்லறையாக இருக்கிறது. இது எப்படி நடக்கிறது, என்ன செய்யலாம் என்று விரிவாகப் பார்க்கலாம்.

2 மணி நேர வேலை இரவு வரை இழுப்பது எப்படி?

ஒரு உதாரணம். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் கவிதா என்று வைத்துக்கொள்வோம். இன்று 18-ம் தேதி. 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன், ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கும் கொள்முதல் விவரத்தையும் டேலியில் ஏற்றிய பில்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒரு பில் விட்டுப்போனாலும் இன்புட் கிரெடிட் பணம் நிற்கும். 'ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம்' என்று காலை 10 மணிக்குத் தொடங்குகிறார்.

10.12-க்கு முதலாளி கூப்பிடுகிறார். "கவிதா, அந்த நூல் பார்ட்டிக்கு பேமெண்ட் போயிருச்சான்னு பாரும்மா." "பார்த்துச் சொல்றேனுங்க" என்று பேங்க் ஸ்டேட்மெண்டைத் திறக்கிறார். அதைச் சொல்லி முடிக்கும்போது ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று மெசேஜ். டையிங் யூனிட்டில் இருந்து பழைய பாக்கி கேட்டு ஒரு போன். பக்கத்து சீட்டில் இருந்து "அக்கா, ஒரு நிமிஷம்". திரும்பவும் டேலிக்கு வரும்போது மணி 11. எந்த பில் வரை பார்த்தோம் என்பது மறந்துபோயிருக்கும். மறுபடியும் மேலே இருந்து.

இப்படியே போனால் 2 மணி நேர வேலை இரவு ஏழரைக்கு முடியும். இதில் கவிதா ஒரு நிமிடம்கூட சும்மா இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் ரெண்டு வேலை சாத்தியமா?

பாட்டு கேட்டுக்கொண்டே காய் நறுக்கலாம். ஏனென்றால் கை பழகிவிட்டது, மூளைக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் இரண்டு வேலைக்கும் யோசனை தேவை என்றால், மூளை இரண்டையும் சேர்த்துச் செய்வதில்லை. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது. நாம் 'மல்டி டாஸ்கிங்' என்று பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் இந்தத் தாவல்தான்.

ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு வேலையை முடிக்காமல் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது, நம் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு அவர் வைத்த பெயர் 'கவன எச்சம்'. பாத்திரத்தைக் கழுவாமல் அடுத்த குழம்பை வைத்தால் பழைய வாசம் வருமே, அதுபோல. இந்த எச்சம் இருக்கும்வரை புது வேலையிலும் நாம் முழுசாக இருப்பதில்லை.

47 விநாடிதான் கவனமா?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் குளோரியா மார்க், அலுவலக ஊழியர்கள் வேலை செய்வதை நேரில் இருந்தே கவனித்து ஆய்வு செய்தவர். 2004-ல் அவர் கணக்கெடுத்தபோது, ஒருவர் ஒரு திரையை சராசரியாக இரண்டரை நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்கு மாறினார். 2012-ல் அது 75 விநாடியாகக் குறைந்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகளில் சராசரி சுமார் 47 விநாடி.

இதே குளோரியா மார்க் குழுவின் ஆய்வை வைத்து இணையத்தில் ஒரு தகவல் சுற்றுகிறது. 'ஒரு தடவை இடையூறு வந்தால் கவனம் திரும்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்' என்பதுதான் அது. இதைக் கொஞ்சம் திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், தடைபட்ட வேலைக்கு அன்றைக்கே திரும்பியவர்கள் சராசரியாக 25 நிமிடம் கழித்துத்தான் திரும்பினார்கள். அந்த 25 நிமிடமும் அவர்கள் கவனம் சிதறி உட்கார்ந்திருக்கவில்லை. இடையில் இரண்டுக்கும் மேற்பட்ட வேறு வேலைகளைச் செய்துவிட்டு வந்தார்கள். கவிதாவுக்கு நடந்ததும் இதேதான். முதலாளி கேட்டதற்குப் பதில் சொல்ல 3 நிமிடம் போதும். ஆனால் அந்த 3 நிமிடம், அடுத்தடுத்த வேலைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

சரி, இடையூறு வந்தால் வேலை தாமதமாகத்தான் ஆகுமா? எப்போதும் அப்படி இல்லை. 2008-ல் அவர் செய்த ஒரு பரிசோதனையில், இடையூறுக்கு நடுவே வேலை செய்தவர்கள் அதை ஈடுகட்ட வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அவர்களுக்கு மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி எல்லாம் அதிகமாக இருந்தது. ஆக, வேலை முடிந்த நாளில்கூட உடம்பு அடித்துப்போட்டது போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொந்தரவு பண்றது யாரு?

முதலாளி, போன், பக்கத்து சீட்டு... இவர்கள் மட்டும்தானா? கிடையாது. அலுவலகங்களில் கவனித்தபோது, கிட்டத்தட்ட பாதி இடையூறுகளை ஊழியர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டது தெரியவந்தது. யாரும் கூப்பிடாமலேயே போனை எடுப்பது, மெயில் வந்திருக்கா என்று பார்ப்பது, 'மறக்கறதுக்குள்ள இதை முடிச்சிடலாம்' என்று இன்னொரு ஃபைலைத் திறப்பது, இதெல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

வெளியில் இருந்து தொடர்ந்து இடையூறு வந்து பழகியவர்கள், அது நின்ற பிறகும் தங்களையே தடைசெய்துகொள்ளத் தொடங்குகிறார்கள் என்பதும் இந்த ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். அதனால் 'போனைப் பார்க்காம இரு' என்று சொன்னால் மட்டும் போதாது. இது ஒரு பழக்கம், மெல்லத்தான் மாறும்.

'சீக்கிரம் முடிச்சிடலாம்' கணக்கு ஏன் தப்புது?

கவிதா காலையில் செய்த இன்னொரு தவறு, 2 மணி நேரம் என்று போட்ட கணக்கு. இந்தத் தவறுக்கு உளவியலில் 'திட்டமிடல் மாயை' என்று பெயர். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவரும் 1979-ல் இதைப் பற்றி எழுதினார்கள். கானமன் பின்னர் 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1994-ல் வெளியானது. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்றார்கள். 'எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும்?' என்ற கேள்விக்குச் சுமார் 49 நாட்கள் என்று பதில் வந்தது. உண்மையில் ஆனதோ 55 நாட்களுக்கு மேல். அதாவது, மோசமான கணக்கையும் தாண்டிவிட்டது.

காரணம் எளிமையானது. எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசிக்கும்போது, அந்த வேலையை மட்டும் தனியாக மனதில் ஓட்டிப் பார்க்கிறோம். போன மாதம் இதே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்போ கூடுதல் நேரம் உட்கார்ந்தா சரியாகிடுமா?

வாரத்துக்கு 70 மணி நேரம் இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னது பெரும் விவாதமானது. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசிய வீடியோ வெளியாகி அந்த விவாதம் மறுபடி சூடுபிடித்தது. வாரத்தில் 6 நாள் வேலை என்றால், 70 மணி நேரம் என்பது தினமும் 11 மணி 40 நிமிடம். 90 மணி நேரம் என்றால் தினமும் 15 மணி நேரம்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்தால் அதற்கேற்ப வேலையும் கூடுமா? இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. முதல் உலகப்போர் காலத்தில் பிரிட்டனில் பீரங்கிக் குண்டுகள் செய்யும் தொழிற்சாலைகளில், பெரும்பாலும் பெண்கள், ஓய்வில்லாமல் வேலை செய்தார்கள். யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், எவ்வளவு உற்பத்தி வந்தது என்ற பதிவுகள் அப்படியே இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் பென்கவெல் அவற்றை எடுத்து ஆராய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்.

வாரத்துக்கு 50 மணி நேரத்தை நெருங்கும் வரை, உழைக்கும் நேரத்துக்கு ஏற்ப உற்பத்தியும் ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் பலன் குறைந்துகொண்டே வந்தது. 70 மணி நேரம் உழைத்தபோது வந்த உற்பத்திக்கும் 56 மணி நேரம் உழைத்தபோது வந்த உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கூடுதலாக உழைத்த 14 மணி நேரம் கிட்டத்தட்ட வீண். வாரத்தில் ஒருநாள் ஓய்வு இல்லாதபோதும் உற்பத்தி அடிவாங்கியது.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஆபீஸில் கூடுதலாக உட்காரும் நேரம் வீட்டில் இருந்துதான் வருகிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். கவிதா இரவு ஏழரைக்குக் கிளம்பினால், வீட்டில் அடுத்த ஷிஃப்ட் அவருக்காகக் காத்திருக்கிறது. 'அதிகாலை 4 மணிக்கு எழுந்தா நேரம் கிடைக்கும்' என்ற அறிவுரை இங்கே எடுபடாது. ஏற்கெனவே அந்த நேரத்தில்தான் பலர் எழுந்து சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்? 6 வழிகள்

1. நாளில் ஒரு பகுதியை உடையாமல் வையுங்கள். நாள் முழுக்க கவனமாக இருக்க யாராலும் முடியாது. ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் போதும். அன்றைக்கு எந்த வேலை முடிந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்களோ, அந்த ஒரு வேலையை அதில் வையுங்கள். கவிதாவுக்கு அது காலை 9.30 முதல் 11 வரை.

2. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரம் ஒதுக்கினால் மட்டும் போதாது, கூப்பிடுபவர்களுக்கும் அது தெரிய வேண்டும். "11 மணி வரைக்கும் ஜிஎஸ்டி வேலை பார்க்கறேனுங்க. பேமெண்ட் விவரம் எல்லாத்தையும் 11 மணிக்கு மொத்தமா சொல்லிடறேன். அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க" என்று சொன்னால் பெரும்பாலான முதலாளிகள் மறுக்க மாட்டார்கள். எப்போது பதில் வரும் என்று தெரிந்தாலே பாதி அழைப்புகள் நின்றுவிடும்.

3. டைமர் வையுங்கள். தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை என்பவர்களுக்கு 'பொமோடோரோ' முறை கைகொடுக்கும். 1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் கல்லூரி மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தபோது தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துப் படிக்கத் தொடங்கினார். இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் ஓய்வு. இவ்வளவுதான் முறை. 25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. உங்களுக்கு 40 நிமிடம் சரிவந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தில் ரீல்ஸ் பார்த்தால் கவன எச்சம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவது நல்லது.

4. எழுந்து போகும் முன் ஒரு வரி எழுதுங்கள். இடையூறு வந்தே தீரும் என்றால், அதற்கு முன் 10 விநாடி எடுத்து, எங்கே விட்டோம், அடுத்து என்ன என்பதைக் குறித்துவிடுங்கள். '46-வது பில் வரை முடிந்தது. 47-ல் வரித்தொகை இடிக்குது' என்ற அளவுக்குப் போதும். சோஃபி லெராய், தெரசா குளாம்ப் என்பவருடன் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் குறித்துவிட்டுப் போனவர்களுக்கு கவன எச்சம் குறைந்து, இடையில் வந்த வேலையும் நன்றாக நடந்தது தெரியவந்தது. இந்தப் பட்டியலில் காசும் நேரமும் மிகக் குறைவாகக் கேட்கும் வழி இதுதான்.

5. மெசேஜுக்கு நேரம் ஒதுக்குங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் 3 முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்த வாரத்தைவிட, அந்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. நம்ம ஊரில் மெயில் பார்க்கும் வேலையை வாட்ஸ்அப்தான் செய்கிறது. குரூப்களை மியூட்டில் போட்டு, 11 மணி, மதியம் 2 மணி, மாலை 5 மணி என்று மொத்தமாகப் பார்த்துப் பதில் போடலாம். அவசரம் என்றால் போன் வரும்.

6. போன மாதக் கணக்கை எடுங்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகிக்காமல், போன தடவை எவ்வளவு ஆனது என்று பாருங்கள். எழுதி வைக்கவில்லை என்றால் இந்த மாதம் எழுதி வையுங்கள். கவிதாவுக்குப் போன மாதம் 5 மணி நேரம் ஆகியிருந்தால் இந்த மாதமும் அதே அளவு ஆகும். ஒப்பிடத் தேவையான ஜிஎஸ்டிஆர்-2பி விவரம் 14-ம் தேதியே போர்ட்டலில் வந்துவிடும். 18-ம் தேதி வரை காத்திருக்காமல் 15, 16, 17 என்று மூன்று நாள் காலையில் பிரித்துப் போட்டால், 18-ம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு பஸ் பிடிக்கலாம்.

போனை எடுக்காம இருக்கவே முடியாத வேலைன்னா?

எல்லோராலும் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. ரிசப்ஷனில் இருப்பவர், நர்ஸ், ஜவுளிக்கடை விற்பனையாளர், வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசுபவர் ஆகியோருக்கு, வந்து கேட்பவருக்குப் பதில் சொல்வதுதான் வேலையே. அதை இடையூறு என்று நினைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இவர்களுக்கு மேலே சொன்னதில் 4-வது வழி நன்றாகப் பொருந்தும். கையில் ஒரு சின்ன நோட்டு, விட்ட இடத்தைக் குறிக்க ஒரு வரி. அடுத்து, யோசித்துச் செய்ய வேண்டிய பதிவேடு, ரிப்போர்ட், ஸ்டாக் கணக்கு போன்றவற்றைக் கூட்டம் குறைவான நேரத்துக்குத் தள்ளுவது. முடிந்தால், சக ஊழியருடன் பேசி அரை மணி நேரம் மாற்றி மாற்றிக் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்வது. அந்த அரை மணி நேரம் அவர் பார்ப்பார், அடுத்த அரை மணி நேரம் நீங்கள்.

மேலாளர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஊழியர் எவ்வளவுதான் திட்டமிட்டாலும், 10 நிமிடத்துக்கு ஒரு தடவை "அது என்னாச்சு?" என்று கேட்கும் ஆபீஸில் எதுவும் எடுபடாது. கேட்பவருக்கு அது ஒரு வார்த்தை. பதில் சொல்பவருக்கு அரை மணி நேரம். ஆறு பேர் கொண்ட குழுவை ஒரு மணி நேர மீட்டிங்கில் உட்கார வைத்தால் செலவாவது 6 மணி நேரம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேலை நேரம் முடிந்த பிறகு வரும் மெசேஜும் இதில் சேரும். அந்த நேரத்தில் ஆபீஸ் தொடர்பில் இருந்து விலகி இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல் சட்டமாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26-ல் இது நடைமுறைக்கு வந்தது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல், கேள்விகளை மொத்தமாகச் சேர்த்து ஒரு நேரத்தில் கேட்பது, காலையில் ஒரு மணி நேரமாவது யாரையும் கூப்பிடாமல் இருப்பது என எந்த மேலாளரும் நாளையே தொடங்கலாம். செலவு எதுவும் இல்லை.

நாளைக்கே எங்கே தொடங்குவது?

ஆறு வழிகளையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். முதலில் ஒரு வாரம், ஒவ்வொரு தடவை வேலை தடைபடும்போதும் ஒரு துண்டுச் சீட்டில் கோடு போடுங்கள். வெளியில் இருந்து வந்தால் ஒரு பக்கம், நீங்களே போனை எடுத்தால் இன்னொரு பக்கம். வார முடிவில் எந்தப் பக்கம் கோடு அதிகம் என்று பாருங்கள். உங்கள் பக்கம் அதிகம் என்றால், மாற்ற வேண்டியது உங்கள் கையிலேயே இருக்கிறது. அடுத்த பக்கம் அதிகம் என்றால், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டுபோய் மேலாளரிடம் பேசலாம். 'வேலை முடியலை சார்' என்று வெறுங்கையோடு நிற்பதைவிட, 'ஒரு நாளைக்கு இத்தனை தடவை வேலை நிக்குது சார்' என்று காட்டினால், பேச்சு உங்கள் திறமையைப் பற்றி இருக்காது, வேலை நடக்கும் விதத்தைப் பற்றி இருக்கும்.